கை பாதியில் நின்ற படம்

மதினி,

உங்கள் ஆளுக்கு இன்றைக்கு மறுபடியும் வேர்த்துவிட்டது.

விடாத மழை. காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகுமுன் அடுப்பு மூட்டலாம் என்று குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியிலிருந்து ஒரு துளி மூக்கு வழியாக இறங்கி மீசையில் நின்றுகொண்டிருந்தது. கூடவே அந்த வாசமும் வந்தது. தேயிலை ஸ்டோர் மிசினுக்கு ஊற்றுகிற எண்ணெயும் நனைந்த பழந்துணியும் கலந்த மாதிரி, ஈரம் பட்டால் மட்டும் படத்திலிருந்து கிளம்புமே, அந்த வாசம். மழைக்குச் சுவர் வேர்க்கிறது, படமும் வேர்க்கிறது, வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தீப்பெட்டி கையைவிட்டு விழுந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் முந்தானையால் துடைத்துவிட்டு, "பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல" என்று அவருக்குத்தான் சொல்லியிருப்பீர்கள். பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிற எனக்குச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அவர் இப்போது என் ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறார். ஏன் வந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் உங்களிடம் வந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கொஞ்ச காலத்தில் பழைய வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பினார். பங்களாவைக் காலி செய்தபோது ஒடிந்த நாற்காலி, கிழிந்த கம்பளம் எல்லாவற்றையும் பின்பக்கம் குவித்து நெருப்பு வைக்கச் சொன்னார்களாம். அண்ணன் அப்போது பங்களாத் தோட்டத்தில் வேலை. குவியலிலிருந்து இந்தப் படத்தை உருவிக்கொண்டு வந்து, நம் லயத்து வரிசையில் உங்கள் காம்பராவின் பின்சுவரில் காற்று வருகிற ஓட்டைக்கு நேராக ஆணியில் மாட்டினார். படம் என்று அவர் கொண்டுவரவில்லை, பலகை என்றுதான் கொண்டுவந்தார்.

"ஆருங்க இந்த ஆளு?" என்று கேட்டீர்கள்.

"ஆருக்குத் தெரியும்? பலகை நல்ல பலகை. இனிக் குளிராது."

"நம்ம ஆளு மாதிரியில்ல இருக்காரு?"

"அதான் நெருப்புல போடச் சொல்லிட்டான்."

நான் வாசல் இஸ்தோப்பில் நின்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தீர்கள். தலையில் வெள்ளைத் தலைப்பாகை, காதில் கடுக்கன், வெறும் உடம்பின் மேல் கறுப்புக் கோட்டு. வயதான ஆள். கண் இரண்டும் எங்கே நின்றாலும் நம்மைப் பார்க்கும். படத்தை எழுதியவர் பேர் மூலையில் எங்கேயும் இல்லை. முகத்தை அவ்வளவு பாடுபட்டு எழுதியவர் வலது கையை மட்டும் மணிக்கட்டோடு விட்டுவிட்டார். அதற்குமேல் புகை மாதிரி ஒரு பழுப்பு. நடுவில் எழுந்து போனாரோ, இந்த ஆள்தான் இனி நிற்க முடியாது என்று போய்விட்டாரோ. அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்கு முதல்முதலில் பயம் வந்தது. வாய் சும்மா இருக்குமா?

"மதினி, இத்தனை நாளா மாமனார் இல்லாத வீட்டுல ராணி மாதிரி இருந்தீங்கள்ல? இந்தா வந்துட்டாரு. முக்காடு போடுங்க!"

"ஒன் வாயில மழைப் படங்கை வச்சு அடைக்க!" என்றீர்கள். ஆனால் நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், உங்கள் கை மெல்ல எழுந்து சேலையைத் தலைக்கு இழுத்துவிட்டது.

எங்கள் அப்பாவும் அம்மாவும் நீங்கள் வாழ்க்கைப்பட்டு வருமுன்பே போய்ச் சேர்ந்தவர்கள். மாமனார் என்றால் எப்படி நடந்துகொள்வது என்று உங்களுக்குப் பழக்கமில்லை. அன்றிலிருந்து பழகிக்கொண்டீர்கள். அவர் முன்னால் கால் நீட்டி உட்கார மாட்டீர்கள். கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்தால் மழைக்குப் போர்த்துகிற படங்கைக் கயிற்றில் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் நின்றுதான் சேலை மாற்றுவீர்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தீர்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் சின்ன மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளை உடம்பு அனலாகக் கொதிக்க, தோட்டத்து மருந்தும் கேட்காமல் கண் செருகிக் கிடக்க, நீங்கள் ஓடிப்போய் அவரைத் திரும்பவும் நேராக்கி, முன்னால் நெற்றி தரையில் பட விழுந்தீர்கள். எழுந்து சோறு வடித்தீர்கள்.

"பசியா இருந்திருப்பாரு. ஆரு பெத்த ஆளோ, செத்தாரோ இருக்காரோ, ஆரு சோறு வச்சிருப்பா?" என்றீர்கள்.

குழம்பை ஊற்றிப் பிசைந்து உருண்டை பிடித்து இலையில் வைத்தீர்கள். ஏன் உருண்டை என்று கேட்டேன். "கை இல்லையேடி, எப்படிப் பெசைவாரு?" என்று என்னை ஒரு மக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். அந்தப் பழுப்புப் புகைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு உருண்டையை எடுத்துவிடுமோ என்று கதவோரமாகத்தான் நின்றேன். காய்ச்சல் இறங்கியது. அவரால் இறங்கியதோ தானாக இறங்கியதோ, அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அவருக்கு உருண்டைச் சோறு நின்றதே இல்லை.

அப்புறம்தான் அந்த மனுக் காலம் வந்தது. பிரஜாவுரிமை கேட்டு எழுதிக்கொடுக்க வேண்டும், கொடுக்காதவர்கள் இந்த நாட்டு ஆள் இல்லை என்றார்கள். நாமோ இந்தியாவைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. உங்கள் அப்பா பிறந்த ஊர்ப் பேரையே நீங்கள் பாதிதான் சொல்வீர்கள், மீதியை அவர் இருமலில் விட்டுவிட்டார் என்பீர்கள். டயகமப் பக்கம் ஒரு லயத்தில் பொலிஸ் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போனதாகப் பேச்சு. உண்மையோ பொய்யோ, பெரட்டுக் களத்தில் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வேலைக்குப் போன இடத்தில் அண்ணனை ஏற்றிவிட்டால், உங்களையும் பிள்ளைகளையும் வேறு வேறாகப் பிரித்துவிட்டால் என்பதுதான் உங்களுக்குப் பயம். கூடை கட்டும்போதுகூட அதையேதான் கேட்பீர்கள்: "புள்ளைங்களைத் தாயோடதானே அனுப்புவாங்க? இல்லாட்டி?"

விசாரணைக்கு ஆபீசர் வரப்போகிறார், பாட்டன் காலத்திலிருந்து இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார் என்று கிளாக்கர் சொல்லிவிட்டுப் போனார். நம்மிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தேயிலைச் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அண்ணன் கோப்பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"இவரு இருக்காரே!"

"ஆரு?"

"இவருதான். பழைய காலத்து ஆளு, பங்களாவுல வச்சு எழுதின படம். எங்க தாத்தான்னு சொல்லிட்டா எவன் இல்லேங்கிறது?"

"தாத்தாவை நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல."

நான் இடையில் புகுந்தேன். "பாத்ததில்லேன்னா ரொம்ப நல்லது. இவரு இல்லேன்னும் சொல்ல முடியாதுல்ல!"

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். எங்களுக்கு அது அவ்வளவு சுலபமாகத் தோன்றியது. பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு பொய், அதுவும் பாதிப் பொய். நீங்கள் மட்டும் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்விட்டீர்கள்.

புருஷனையும் பெண்சாதியையும் தனித்தனியாகக் கேட்பார்கள், இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். அதற்காக அண்ணன் உங்களைப் படத்துக்கு முன்னால் நிறுத்திப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"பேரு கேட்டா என்ன சொல்லுவ?"

"உங்க தாத்தா பேரை நான் எப்படிங்க சொல்றது? நாக்கு அழுகிறாதா?"

"ஆபீசர் முன்னால அழுகாது. சொல்லு."

"மாட்டேங்க."

கடைசியில் நான்தான் வழி சொன்னேன். நம் பெண்கள் புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள், சாடையாகத்தான் காட்டுவார்கள் என்று கிளாக்கருக்குத் தெரியும். தாத்தா பேர் சின்னக்கறுப்பன். 'மலைக் காவல் சாமி பேரு, முன்னால சின்ன' என்று சொன்னால் கிளாக்கர் புரிந்துகொண்டு ஆபீசருக்குச் சொல்லிவிடுவார். நீங்கள் தலையாட்டினீர்கள். அதை ஒப்புக்கொண்டதாக நினைத்துவிட்டோம்.

விசாரணை நாள் தூறல். அண்ணன் படத்தைக் கம்பளியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். நனையாமல் இருக்க நீங்கள் பின்னாலேயே படங்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வந்தேன். லயத்து வாசல்களில் எல்லாரும் பேசாமல் நின்று பார்த்தார்கள். "தேர் போகுது, தேங்கா ஒடைங்கப்பா!" என்று கத்தினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எங்கள் நடை தேர் மாதிரி இல்லை, வேறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று எனக்கே பட்டது.

ஆபீசர் மெலிந்த மனிதர். கழுத்தில் கம்பளித் துணி சுற்றி இருமிக்கொண்டிருந்தார். கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது, கெட்டவர் என்றால் திட்டிவிட்டாவது வரலாம். அண்ணன் முதலில் போனார். தாத்தா பேர் என்ன, எந்த மலையில் வேலை, எங்கே புதைத்தது எல்லாவற்றையும் கோர்வையாகச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே ஜன்னலோரம் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"மே கவுத?" என்று ஆபீசர் படத்தைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார்.

"இது ஆருன்னு கேக்கிறாரு," என்றார் கிளாக்கர்.

"வீட்டுப் பெரியவருங்க."

"ஒம் புருஷனுக்கு என்ன முறை?"

நீங்கள் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

"சரி, பேரு என்ன?"

நீங்கள் படத்துப் பெரியவரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வழியில் எப்படியோ தூறல் பட்டு அவர் நெற்றி வேர்த்திருந்தது. நான் வெளியே நின்று உதட்டை அசைக்கிறேன், காவல் சாமி மதினி, காவல் சாமி, சொல்லிடுங்க. கிளாக்கர் நல்ல மனிதர், ஆபீசரிடம் இங்கிலீசில் ஏதோ விளக்கினார். நம் வழக்கத்தைத்தான் சொல்லியிருக்க வேண்டும். பிறகு உங்களிடம், "பேரு சொல்ல வேணாம்மா. எந்தச் சாமி பேருன்னு சாடை காட்டு போதும்" என்றார். நாங்கள் போட்ட பாதையை அவரே திறந்து வைத்துவிட்டார். ஒரு கால் எடுத்து வைத்தால் போதும்.

நீங்கள் முக்காட்டை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டீர்கள்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு இன்னொன்று கேட்டார்.

"இவரை எங்க பொதைச்சிருக்குன்னு கேக்கிறாரு."

"தெரியாதுங்க," என்றீர்கள். "சோறு வைக்கிறது மட்டும் நாந்தான்."

கிளாக்கர் அதை ஆபீசருக்குச் சொல்லத் தயங்கினார். காரியம் கெட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்னவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணன் ஏசிக்கொண்டே வந்தார். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? புள்ளைங்களைக் கப்பல்ல ஏத்திட்டு அப்புறமா தொறப்பியா?" நீங்கள் படங்கை மட்டும் படத்துக்குமேல் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்த நாள் பீலிக்கரையில் துணி அலசும்போது கேட்டேன். "வழக்கத்தைப் பாத்தா பயந்தீங்க, மதினி? சாடையாத்தானே சொல்லச் சொன்னோம்."

நீங்கள் சுற்றிப் பார்த்துக்கொண்டீர்கள். "வழக்கமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. ஒண்ணு சொல்றேன், ஒங்க அண்ணங்கிட்டச் சொல்லாத. இவருக்கு உங்க தாத்தா பேரைக் குடுத்திட்டா, அந்தத் தாத்தா பேரில்லாம எங்கடி போவாரு? இவருக்கும் புள்ளைகுட்டி இருக்குமில்ல? ஒரு நாளைக்கு அதுங்க தேடிக்கிட்டு வந்து, எங்கப்பாவுக்கு ஏன் வேற பேரை ஒட்டினீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"ஆரும் வர மாட்டாங்க மதினி."

"வராட்டியும் இவரு பாத்துக்கிட்டுத்தானே இருக்காரு."

எனக்கு அன்றைக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது. யாரோ ஒரு கிழவருக்காகச் சொந்தப் பிள்ளைகளை நடுரோட்டில் நிறுத்துவதா என்று வாய்வரை வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளைகளை நினைக்காமல் செய்த முகமாக அது இல்லை. அலசி முடித்த சின்னவள் சட்டையையே மறுபடி எடுத்துச் சோப்புப் போட்டீர்கள்.

மனு தள்ளுபடி என்று பதில் வந்தது. அடுத்து என் புருஷன் பேரில் போட்ட எங்கள் மனுவும் தள்ளுபடிதான், எங்களிடம் படமும் இல்லை, பெரியவரும் இல்லை, எல்லாக் கேள்விக்கும் கணீரென்று பதில் சொன்னோம். அதனால் உங்கள் வாயால்தான் கெட்டது என்று சொல்ல முடியாது என்று அண்ணனிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். கோபம் வரும்போதெல்லாம் அவர் அதையே எடுத்தார். நீங்கள் ஒரு தடவைகூட உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ரோட்டில் ஜீப் ஏறுகிற சத்தம் கேட்டால் போதும், கொழுந்தைப் பிடித்த கை அப்படியே நிற்கும். சத்தம் எந்த வளைவில் திரும்புகிறது என்று காதாலேயே பார்ப்பீர்கள். தலவாக்கலைச் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டீர்கள். "டவுன்ல எவனாவது நீ எந்த நாட்டு ஆளுன்னு கேட்டா?" நான், "கேட்டா மாமனாரைக் கூட்டிட்டு வாறேன்னு சொல்லுங்க" என்பேன். சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள்.

ஒரு மத்தியானம் கம்பளி விற்கிற வயசாளி ஒருவர் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் வெளிறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அவருக்குச் சாயத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்து, "தெரிஞ்சவருங்களா?" என்று கேட்டபோது உங்கள் குரல் பிசிறியது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பலகை" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், பிறகு அழுதீர்கள். ஆறுதலிலா ஏமாற்றத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்குத்தான் கேட்டேன். "பேரைச் சொல்லியிருக்கலாம்னு தோணுதா மதினி?"

"பயமாத்தான் இருக்கு," என்றீர்கள். "சொல்லியிருந்தா வேற பயம். இந்தப் பயத்தோட அவரு மொகத்தைப் பாத்துச் சோறு வைக்க முடியுது."

போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி கட்டி நீங்கள் போனீர்கள். இப்போது இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே. யார் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் போகத்தான் வேண்டியிருக்கும் என்று இப்போதே சாமான்களைப் பிரித்துப் பார்க்கிறார். படத்தைக் கொண்டுவந்து என் காம்பராவில் சாய்த்துவிட்டு, "கப்பல்ல இவரை எங்க ஏத்துறது? ஒங்கிட்ட இருக்கட்டும்" என்றார். ஏசவில்லை. கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உங்கள் உண்மைக் காரணத்தை அப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நீங்கள் சொல்லாதே என்றது நினைவுக்கு வந்தது. அவர் போனால் உங்கள் மகள்களும் போவார்கள். நான் எந்தப் பக்கத்தில் விழுவேன் என்று எனக்கே தெரியாது. ஜீப் சத்தம் இப்போது எனக்கும் கேட்கிறது மதினி.

உங்கள் கருமாதி அன்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். படையல் வைத்துவிட்டுப் பார்த்தால் முன்னால் வைக்க உங்கள் படம் இல்லை. பிரஜாவுரிமை கிடைத்த வீட்டுக்காரர்கள் அந்தச் சந்தோசத்தில் அட்டனுக்குப் போய் ஸ்டூடியோவில் குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். நீங்களும் ஆசைப்பட்டீர்கள், "நமக்குக் கிடைச்சா நீயும் நானும் தனியா ஒண்ணு, இந்த ஆம்பளைங்க இல்லாம" என்று. கிடைக்கவில்லை, நாம் போகவில்லை. அண்ணன் ஒரு விளக்கை ஏற்றி வைத்தார். குமரியாகிவிட்ட உங்கள் சின்ன மகள் அந்த விளக்கைப் பார்த்து, "இதுவா அம்மா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

அதனால் உங்கள் முகத்தை நான்தான் வைத்திருக்கிறேன். எழுதத் தெரியாது, படம் போடவும் தெரியாது. மலையில் தேயிலை நிரை பிடித்து நிற்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். தெற்றுப் பல், கூடைக் கயிறு அழுத்திய தழும்பு, சிரிக்குமுன் மூக்கு சுருங்குவது. நேற்று மத்தியானம் புருவத்துக்கு வந்தேன். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டு ஒரு புருவம் நடுவில் பிளந்திருக்குமே, அது இடதா வலதா என்று தெரியவில்லை. எவ்வளவு நினைத்தும் வரவில்லை. பக்கத்து நிரைக்காரி, "என்னக்கா, பேயைக் கண்டாப்ல நிக்கிறீங்க?" என்றாள். அந்தப் பயத்தை நான் எந்த ஜீப்புக்கும் பட்டதில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். வெட்டுப்பட்ட அன்று உங்களைக் கல்லில் உட்காரவைத்து, எதிரே மண்டி போட்டு, தேயிலையைச் சவைத்து வைத்து அழுத்தியது நான்தானே. கூடையை இறக்கிவிட்டு அதே மாதிரி மண்டி போட்டேன். கை தானாக எழுந்தது. வலது கை, நேராக முன்னால் போய், காற்றில் ஓர் இடத்தில் நின்றது.

உங்கள் இடது புருவம், மதினி. இடதுதான்.